கரி படாத டிப்ளமோ



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது 'நாளைய இந்தியாவும் இளைஞர் சக்தியும்' என்று எழுதலாம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். போன வருஷ மலரைப் புரட்டிப் பார்த்தேன். அதே தலைப்பில் மூன்று பேர் எழுதியிருந்தார்கள். மூன்றிலும் மின்னல், இடி, எரிமலை எல்லாம் இருந்தது. எரிமலையை விட்டுவிட்டு எனக்குத் தெரிந்த ஒரு சூட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அது ஒரு பழைய அம்பாசிடர் காரின் ரேடியேட்டர்.

"என்னடா இவன், ஆண்டு மலரில் போய் ரேடியேட்டரைக் கழட்டுகிறான்!" என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. சிரியுங்கள். ஆனால் முழுதும் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன் நான். தாத்தா சங்கு குளித்தவர். அப்பா உப்பு லாரி ஓட்டுகிறார். அம்மா உப்பளத்தில் வேலை பார்க்கிறாள். அப்பா வேலை பார்க்கும் அண்ணாச்சி புதுக் கார் வாங்கியபோது, ஷெட்டில் கிடந்த 1989 மாடல் அம்பாசிடரை 'நீயே வச்சுக்கோப்பா' என்று சொற்ப விலைக்குக் கொடுத்தார். மார்க் 4. பழைய 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். இந்தக் காரின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரின் அச்சு இது. மேற்கு வங்காளத்தில் உத்தர்பாராவில் உள்ள ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் 1950களின் கடைசியில் தொடங்கி 2014 மே வரை தயாரானது. மந்திரி முதல் மாப்பிள்ளை வரை எல்லோரையும் சுமந்த கார்! எங்கள் தெருவில் அது வந்து நின்ற அன்று அம்மா ஆரத்தி எடுத்தாள்.

சென்ற மே மாதம், அக்னி நட்சத்திரம். ஆச்சி, அம்மா, தங்கை, நான் எல்லோரும் திருச்செந்தூர் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். பழையகாயல் பக்கம் வரும்போது பானட்டிலிருந்து புகை மாதிரி ஆவி. வண்டியை ஓரங்கட்டினார் அப்பா. துண்டைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். நானோ தெர்மல் இன்ஜினியரிங் பேப்பரில் 78 மார்க் வாங்கியவன்! 'அப்பா, திறக்காதிய' என்று ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை. மூடி தெறித்தது. கொதிநீர் அவர் வலது கையில் முழங்கை வரை பீறிட்டு அடித்தது.

ஆச்சி பதறிப்போய் அக்கம்பக்கத்தில் மை கேட்டு ஓடினாள். யாரோ பேஸ்ட் என்றார்கள். சூடு பட்ட இடத்தில் இருபது நிமிஷம் சாதாரணத் தண்ணீரை ஓடவிட வேண்டும், மையோ பேஸ்டோ எண்ணெயோ கூடாது என்பதை ஆஸ்பத்திரியில் நர்ஸ் அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இரண்டு வாரம் அப்பா லாரி ஏறவில்லை. ஏறவில்லை என்றால் சம்பளம் இல்லை. அம்மாவின் கூலியில் அடுப்பு எரிந்தது.

அந்த இரண்டு வாரத்தில் ஒருநாள் கட்டுப்போட்ட கையோடு திண்ணையில் உட்கார்ந்து அப்பா கேட்டார்: "ஏல, நீ இதத்தானல படிக்க? அது ஏன் அப்படிக் கொதிக்கி?"

குறைசொல்லும் தொனியில் கேட்கவில்லை, நண்பர்களே. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் கண்டக்ஷன், கன்வெக்ஷன், ரேடியேஷன் என்று ஆரம்பித்தேன். ரெக்கார்டு நோட்டில் வரைந்த படத்தை எடுத்துக் காட்டினேன். அப்பா படத்தைப் பார்த்துவிட்டு, "இது நல்லாருக்கு. நம்ம வண்டில இது எங்ஙன இருக்கு?" என்றார். நான் பானட்டைத் திறந்து பத்து நிமிஷம் நின்றேன். தெர்மோஸ்டாட் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த வெட்கம்தான் இந்தக் கட்டுரை.

ஒரு ஒர்க் ஷாப்பில் கேட்டோம். பானட்டைக்கூடத் திறக்காமல், "எஞ்சின் போயிருக்கும், இறக்கணும்" என்று சொல்லி ஒரு தொகை சொன்னார்கள். அந்தப் பணம் எங்களிடம் கிடையாது. "நானே கழட்டிப் பாக்கேன்" என்றேன். அம்மாவுக்கு வந்ததே கோபம்! "யய்யா, நாங்க வெயில்லயும் கரியிலயும் கெடந்து ஒன்னயப் படிக்க வச்சது நீயும் கரியப் பூசிட்டு நிக்கவா? படிச்ச பிள்ள மாதிரி இரு" என்றாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாததுதான் எனக்கு அதிகமாக வலித்தது. படிப்பு என்றால் கரியிலிருந்து தப்பிப்பது என்றுதான் எங்கள் மாதிரி வீடுகளில் நம்பிக்கை. அந்த நம்பிக்கையை நான் கேலி செய்யமாட்டேன். இடுப்பொடிய உப்பு வாரும் ஒரு பெண் தன் பிள்ளையின் கை சுத்தமாக இருக்கவேண்டும் என்று ஆசைப்படுவதில் என்ன தப்பு? ஆனால் நாம் படிக்கிற படிப்புக்கே 'கரி' என்றுதானே பெயர்! கரி படாமல் மெக்கானிக்கல் டிப்ளமோ வாங்குவது, கடலில் இறங்காமல் சங்கு எடுத்தேன் என்பது மாதிரி.

எங்கள் தெருவில் ஒரு தம்பி இருக்கிறான். வயது பதினேழு. பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டு மெக்கானிக் கடையில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை லீவில் வந்து எனக்குத் துணை நின்றான். துணை என்று சொல்வது என் கௌரவத்துக்காக. உண்மையில் நான்தான் அவனுக்குக் கையாள்.

முதலில் அவன் சொன்னது: "அண்ணே, மூடியத் தொடாதிய. மேல் ஹோஸ அமுக்கிப் பாருங்க. கல்லு மாதிரி இருந்தா உள்ள பிரஷர் இருக்குன்னு அர்த்தம். மெத்துன்னு இருந்தாத்தான் திறக்கணும்." அவ்வளவுதான். இந்த ஒரு வரி எனக்கு மே மாதம் தெரிந்திருந்தால் அப்பாவின் கை தப்பியிருக்கும். நம் புத்தகத்தில் இது வேறு பாஷையில் இருக்கிறது. மூடிக்குள் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. அது உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைக்கிறது. அழுத்தம் கூடினால் கொதிநிலை கூடும். 7 பி.எஸ்.ஐ. மூடி என்றால் தண்ணீர் 111 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். 105 டிகிரியில் கொதிக்காமல் சும்மா இருக்கும் தண்ணீர், மூடியைத் திறந்து அழுத்தம் விழுந்த அந்த நொடியே கொதித்து ஆவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் முழுதும் ஆவியானால் ஏறத்தாழ 1,600 லிட்டர் இடம் கேட்கும். அது வெளியே வர வழி எது? அப்பாவின் கை இருந்த இடம்தான். இதை நான் பரீட்சையில் எழுதியிருக்கிறேன், நண்பர்களே. மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

சரி, வேலைக்கு வருவோம். சனி இரவு முழுக்க ஆறவிட்டு ஞாயிறு காலையில் ஆரம்பித்தோம். பேட்டரி வயரைக் கழட்டினோம். அடியில் அம்மாவின் பழைய சருவச்சட்டியை வைத்துக் கீழ்க்குழாயைத் திறந்தேன். ஒரு சொட்டு வரவில்லை. உள்ளே அடைப்பு. கம்பி விட்டுக் குத்தினேன். காவி நிறத்தில் சேறு வந்தது. எஞ்சின் பிளாக்கில் தண்ணீர் வடிக்க இன்னொரு குழாய் உண்டு என்பதையும் தம்பிதான் காட்டினான். அதையும் திறக்காவிட்டால் எஞ்சினுக்குள் பழைய தண்ணீர் அப்படியே நின்றுவிடும்.

அடுத்தது ஹோஸ். கிளிப்பைத் தளர்த்திவிட்டு இழுத்தேன். வரவில்லை. வருஷக்கணக்கில் ஒட்டிப்போயிருந்தது. ஸ்க்ரூ டிரைவரைச் செருகி நெம்பப் போனேன். "அண்ணே! கழுத்து பித்தளைண்ணே, வளஞ்சிரும். ஹோஸக் கிழிச்சிருங்க. ரப்பர் போனா வாங்கிக்கலாம்" என்றான். பிளேடால் நீளவாக்கில் கீறியதும் தோல் உரிந்த மாதிரி வந்தது. எதைக் கெடுத்து எதைக் காப்பாற்றுவது என்கிற இந்தக் கணக்கு எந்தப் பேப்பரில் வருகிறது? எனக்குத் தெரிந்து இல்லை.

போல்ட் விஷயத்தில் நான் அவன் பேச்சைக் கேட்கவில்லை. ரேடியேட்டரை இரண்டு பக்கமும் போல்ட் பிடித்திருக்கிறது. நம் ஊர்க் காற்றில் உப்பு. இரும்பு எதுவும் இங்கே நிம்மதியாக இருக்க முடியாது. "டீசல் விட்டு ஊறப்போடுங்க" என்றான். எனக்குப் பொறுமை இல்லை. ஸ்பேனரில் ஒரு பைப்பைச் செருகி முழுபலம் போட்டேன். டொக்! போல்ட் தலை கையோடு வந்துவிட்டது. லீவர் நீளம் கூடினால் டார்க் கூடும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். துருப்பிடித்த போல்ட் எவ்வளவு தாங்கும் என்பது என் கைக்குத் தெரியவில்லை. மிச்சப் போல்ட்டுகளுக்கு டீசல் விட்டுவிட்டு, சாயங்காலம் கழட்டினோம். வெண்ணெய் மாதிரி வந்தது.

வெளியே தூக்கும் முன் ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் ஒரு அட்டையைச் செருகச் சொன்னான். ஃபேன் இறக்கை உரசினால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும் அல்லவா? அதற்கு. நினைத்ததைவிடக் கனம். தாமிரமும் பித்தளையும் ஈயமும் சேர்ந்த சாமான். இப்போது வரும் கார்களில் அலுமினியமும் பிளாஸ்டிக்கும்தான். உடைந்தால் தூக்கிப் போடவேண்டியது. இதைப் பற்றவைத்துப் பற்றவைத்து ஓட்டலாம்.

ஒரு சின்ன இடைச்செருகல். ரேடியேட்டர் என்ற பெயரே தப்பு! அது சூட்டைக் கதிராக வீசுவது கொஞ்சம்தான். பெரும்பங்கு காற்றோடுதான் போகிறது. எரியும் பெட்ரோலின் சூட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்தத் தண்ணீர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். 1886இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை வாங்கிய முதல் காரில் இந்த வசதி கிடையாது. தண்ணீர் சும்மா ஆவியாகிப் போகும். ஊற்றிக்கொண்டே ஓட்ட வேண்டும். 1901இல் வந்த மெர்சிடிஸ் 35 காரில்தான் மேபாக் என்ற இன்ஜினியர் தேன்கூடு மாதிரி எட்டாயிரத்துச் சொச்சம் சின்னக் குழாய்களை அடுக்கிக் காற்றுக்குக் காட்டினார். நம் ஊர் அனல்மின் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 210 மெகாவாட் வீதம் ஐந்து யூனிட்டாகக் கட்டினார்கள். டர்பைனைச் சுற்றிவிட்டு வரும் நீராவியை மறுபடி தண்ணீராக்க அது கடல்நீரைத்தான் இழுக்கிறது. மன்னார் வளைகுடாவே அதற்கு ரேடியேட்டர்!

நிற்க. ரேடியேட்டரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தோம். தகடுகளின் இடுக்கில் பூச்சி, சருகு, தூசி, உப்புப்படலம். பாதிக்குமேல் காற்றே புகாது. இவ்வளவு நாளும் 'உள்ளே என்ன கோளாறு' என்றே எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம். வெளியே ஒரு குழாய்த் தண்ணீரும் பிரஷ்ஷும் செய்திருக்கவேண்டிய வேலை அது. மேல்வாய் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால் குழாய் முனைகளில் வெள்ளைவெள்ளையாகக் கல்.

அப்போதுதான் வேலை முடித்து அம்மா வந்தாள். கோபமாகத்தான் வந்தாள். எட்டிப் பார்த்தவள், விரலால் அந்த வெள்ளையைச் சுரண்டினாள். "இதுல என்ன தண்ணிய்யா ஊத்துவாரு ஒங்க அப்பா?" என்றாள். போர் தண்ணீர் என்றேன். "அதான. ஆவியாப் போவப் போவ மேல மேல ஊத்துனா பாத்தி மாதிரிதான ஆவும்? தண்ணி போயிரும், உப்பும் சுண்ணாம்பும் எங்க போவும்?"

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

உப்பளத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது தினசரி சங்கதி. கடல்நீர் மூன்று, மூன்றரை டிகிரி பாமே இருக்கும். வெயிலில் காயக்காய டிகிரி ஏறும். முதலில் சுண்ணாம்புச் சத்தும் ஜிப்சமும் படியும். 25 டிகிரி வாக்கில்தான் உப்பு விளையும். அப்பா ஒவ்வொரு முறை தண்ணீர் குறையும்போதும் உப்புத்தண்ணீரை ஊற்றி, கொதித்து ஆவியாகவிட்டு, மறுபடி ஊற்றி, ரேடியேட்டருக்குள் ஒரு பாத்தி கட்டியிருக்கிறார்! தாமிரம் சூட்டைக் கடத்தும் வேகத்தில் நூற்றில் ஒரு பங்குகூட அந்தக் கல்லுக்குக் கிடையாது. குழாய்க்குக் கம்பளி போர்த்திய மாதிரிதான். 78 மார்க் வாங்கிய எனக்கு வராத விடை, பள்ளிக்கூடம் போகாத அம்மாவுக்கு ஒரு சுரண்டலில் வந்தது. அன்றிலிருந்து கரியைப் பற்றி அவள் ஒன்றும் பேசவில்லை. நான் அதை வெற்றி என்று எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ராத்திரி சோப்பை அவளே எடுத்து வைத்தாள்.

ரேடியேட்டர் கடையில் கொடுத்தோம். மேல்தொட்டியின் ஈயப் பற்றை உருக்கித் தொட்டியைக் கழட்டி, ஒவ்வொரு குழாயிலும் தட்டைக் கம்பி விட்டு அடைப்பை எடுத்தார் அந்தப் பெரியவர். பிறகு மறுபடி பற்றவைத்து, வாய்களை அடைத்து, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் காற்றடித்தார். ஒரு மூலையில் குமிழி வந்தது. அங்கே ஒரு பற்று. மறுபடி அமுக்கினார். குமிழி இல்லை. ஈயப் புகையும் ஆசிட் நெடியும் அந்தச் சின்னக் கடைக்குள் சுற்றுகின்றன. வாயில் ஒரு துணிகூட இல்லாமல் வருஷக்கணக்காக அவர் உட்கார்ந்திருக்கிறார். ஈயம் உடம்புக்கு என்ன செய்யும் என்று நமக்குப் பாடம் இருக்கிறது. அதை அவரிடம் போய்ச் சொல்லவும் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு வழி பண்ணவும் நம் மாணவர் மன்றத்துக்கு நேரம் இருக்குமா?

திரும்ப மாட்டும்போது இன்னொன்று தெரிந்தது. தெர்மோஸ்டாட் இருக்கவேண்டிய கூட்டுக்குள் அது இல்லவே இல்லை. யாரோ எப்போதோ எடுத்துவிட்டார்கள். 'நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்குப்பா இது' என்று பல கடைகளில் கழட்டி எறிகிறார்கள். எனக்கு இதில் மாற்றுக் கருத்து உண்டு. தெர்மோஸ்டாட் எஞ்சினைச் சூடாக்க வந்த சாமான் இல்லை. சீக்கிரம் சரியான சூட்டுக்குக் கொண்டுவந்து அங்கேயே நிறுத்தத்தான் அது. அது இல்லாத எஞ்சின் காலையில் வெகுநேரம் குளிர்ந்தே ஓடும். பெட்ரோல் கூடும், தேய்மானம் கூடும். தம்பியிடம் இதைச் சொன்னேன். "எங்க மேஸ்திரி வேண்டாம்பாரு" என்றான். புதிதாக ஒன்றை வாங்கி, வீட்டில் வெந்நீரில் போட்டு அது திறப்பதைக் காட்டினேன். கண்ணை விரித்துப் பார்த்தான். "இது தானாத் தொறக்குமாண்ணே!" என்றான். அந்த ஞாயிறுகளில் நான் அவனுக்குக் கொடுத்தது இது ஒன்றுதான்.

இப்போது போர் தண்ணீர் இல்லை. டிஸ்டில்ட் வாட்டரும் கூலன்ட்டும் கலந்து ஊற்றுகிறோம். கூலன்ட்டை வடித்தால் தயவுசெய்து சாக்கடையில் கொட்டாதீர்கள். பல கூலன்ட்டில் எத்திலீன் கிளைக்கால் இருக்கிறது. இனிப்பாக இருப்பதால் நாய், பூனை, ஆடு எல்லாம் நக்கும். நக்கினால் சிறுநீரகம் போய்விடும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்துதான்.

என் நண்பன் ஒருவன் கேட்டான்: "மாப்ள, இனி எல்லாம் எலக்ட்ரிக் கார்தான். நம்ம ஊர்லயே வின்ஃபாஸ்ட் கம்பெனி வந்தாச்சு. நீ இன்னும் அம்பாசிடர நோண்டிக்கிட்டுக் கெடக்க!" நியாயமான கேள்வி. சிப்காட்டில் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டி, 2025 ஆகஸ்ட் 4 அன்று திறந்தார்கள். நம்மில் பலருக்கு அங்கே போகவேண்டும் என்ற கனவு இருக்கிறது. எனக்கும் உண்டு. ஆனால் எலக்ட்ரிக் காரில் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் கூலன்ட் ஓடுகிறது, பம்ப் இருக்கிறது, முன்னால் ரேடியேட்டரும் இருக்கிறது. பேட்டரிக்குச் சூடு இன்னும் பெரிய எதிரி. அதில் ஹோஸ் ஒழுகுகிறதா என்று கையால் தடவிப் பார்க்கத் தெரிந்தவன் வேண்டாமா? ஹை வோல்டேஜ் வயரை வீட்டில் தொட்டுப் பழக முடியாது, தொடவும் கூடாது. அம்பாசிடரில் பழகலாம். தப்புச் செய்தால் ஒரு போல்ட் உடையும், அவ்வளவுதானே!

அதனால் மன்றத்துக்கு என் தாழ்மையான யோசனை ஒன்று. 2023 ஏப்ரல் முதல், 15 வருஷம் கடந்த அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிப்பதில்லை. அவை உடைக்கப் போகின்றன. அதில் ஒரு ஜீப்பையோ காரையோ, ஓட்டுவதற்கு இல்லை, பிரித்துப் பூட்டிப் பழக மட்டும், நம் கல்லூரிக்குக் கேட்டு ஒரு மனு போட முடியாதா? வெட்டிப் பெயின்ட் அடித்த மாடல் எஞ்சின் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் துரு கிடையாது, அடைப்பு கிடையாது, ஒட்டிப்போன ஹோஸ் கிடையாது. நம் பிராக்டிக்கலில் ஒருவன் ஸ்பேனர் பிடிப்பான், ஒன்பது பேர் ரெக்கார்டு எழுதுவோம். அந்த ஒன்பதில் நம் வகுப்புச் சகோதரிகள் எப்போதும் இருக்கிறார்கள், ஸ்பேனர் அவர்கள் கைக்குப் போவதே இல்லை. இது மாற வேண்டும். வாரம் ஒருநாள் அந்தத் தம்பி மாதிரி ஒருவனை அழைத்து, மரியாதையாக ஒரு நாற்காலி போட்டு, அவனிடம் நாம் கேட்டுக்கொள்ளலாம். சம்பளமும் கொடுக்க வேண்டும். அவனுக்கு அன்று லீவு போட்டால் கூலி போகும்.

ஆடி மாதம் மறுபடி திருச்செந்தூர் போனோம். அப்பாவே ஓட்டினார். பழையகாயல் வந்ததும் யாரும் சொல்லாமலே வண்டியை நிறுத்தினார். பானட்டைத் திறந்தார். தழும்பு இருந்த கையால் மேல் ஹோஸை அமுக்கிப் பார்த்தார். "பிரஷர் இருக்குல. ஆனா மீட்டர்ல சூடு ஏறல" என்றார். மூடியைத் தொடவில்லை. பானட்டைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

ஒரு ஹோஸ் கிளிப்பில் லேசாக ஒழுகல் இருக்கிறது, அது என் கைவேலைதான். வருகிற ஞாயிறு அதையும் ஃபேன் பெல்ட்டையும் மாற்றப் போகிறேன். வர விருப்பமுள்ளவர்கள் காலை ஏழு மணிக்குள் வந்துவிடுங்கள். பழைய சட்டை போட்டு வாருங்கள். காப்பி அம்மா தருவாள்.

- மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை